லேசான முடிச்சு

காலை ஐந்தரை மணிக்குத் தூண்டில் பெட்டியில் ஆறு ஈயக்குண்டுகள் இருந்தன. அவற்றில் ஆகச் சிறியதன் பெயர் குன்றி. இதுவரை அதை யாரும் தண்ணீரில் இறக்கியதில்லை. ஒருநாளாவது அணையின் தரையைத் தொட்டே தீருவது என்றிருந்தது அது.

மீன் பிடிக்க வந்த மரியதாஸ் முதலில் பெரிய குண்டைக் கட்டி இறக்கினார். அது சேற்றில் புதைந்துகொண்டதால், மீன் கடித்ததே அவர் கைக்குத் தெரியவில்லை. காற்றும் இல்லை, நீரோட்டமும் இல்லை; சின்னக் குண்டே போதும். பெரியதை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தூண்டில் நரம்பின் நுனியில் குன்றியைக் கட்டினார்.

"பொடிசுக்கு வந்த வாழ்வைப் பாரு!" என்றது பெரிய குண்டு.

ஒரு முழம் மேலே கட்டியிருந்த தூண்டில் முள் சொன்னது: "தம்பி, ரொம்பத் துள்ளாதே. உன் முடிச்சை மட்டும் வேணும்னே லேசாப் போட்டிருக்கார். நீ பாறையில மாட்டினா, உன்னை விட்டுட்டு நான் மேல போயிடுவேன்."

"தெரியும்ணே," என்றது குன்றி. "நீ எத்தனை தடவை இறங்கினாலும் அந்தரத்துலதானே தொங்குறே? தரை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

இரண்டும் இறங்கின.

மூன்று மீன்கள் கிடைத்தன. அதற்குப் பிறகு நரம்பு முள்ளோடு மட்டும் மேலே வந்தது.

அடுத்த ஆண்டு மே 14 அன்று, மதகைப் பழுதுபார்க்க அணை நீரை வடித்தார்கள். பாறை இடுக்கில், தரையில், குன்றி இருந்தது.