எலும்புப் பாடம்

சிராங்கூன் சாலை வீட்டின் முன்னறையை மருத்துவ மாணவன் வைத்திலிங்கத்துக்கு வாடகைக்கு விட்ட நாளிலிருந்து வள்ளிநாயகி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். வயது வந்த மகள் வீட்டில் இருக்கிறாளே!

பயந்தபடியே ஆயிற்று. புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க, மிஷன் பள்ளியில் படித்த மகள் இராசமலரை அவன் துணைக்குக் கூப்பிட்டான்.

"கதவு திறந்தபடி கிடக்கவேணும். இங்கிலீசில சொல்லுறதைத் தமிழிலையும் சொல்லவேணும். எனக்கு அடுப்படியில கேக்கவேணும்," என்றாள் வள்ளிநாயகி.

அன்றிலிருந்து கை கறியைக் கிளறினாலும் காது முன்னறையில்தான்.

"பட்டெல்லா?" என்பாள் மகள்.

"தோள் எலும்பு..."

"இல்லை, முழங்காற்சில்லு! நேற்றும் இதைத்தானே பிழையாச் சொன்னீங்கள்?"

மாதக்கணக்கில் இதே கூத்து. கேட்டுக் கேட்டு வள்ளிநாயகிக்கே பாடமாகிவிட்டது. அவன் மண்டையில் மட்டும் ஏறவில்லை. 'இந்த மக்கா என் பிள்ளையை மயக்கப்போகிறான்?' என்று எண்ணியதில் அவள் சந்தேகம் மெல்லத் தணிந்தது.

ஒருநாள் அவனோடு படிக்கும் குலசிங்கம் வந்தான். வள்ளிநாயகி காலை நொண்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"பட்டெல்லா நோகுது, தம்பி," என்றாள் பெருமையாக.

அவன் சிரித்தான். "ஆர் சொல்லித் தந்தது?"

"உள்ள நடக்கிற பாடம்தான். பாவம், உம்மட கூட்டாளி எலும்புப் பரீட்சையில பாஸாகமாட்டார் போல கிடக்கு."

"என்னம்மா சொல்லுறீங்கள்? அவன் இஞ்ச குடிவர முன்னமே அந்தப் பரீட்சை முடிஞ்சுதே! வகுப்பில முதலாவதே அவன்தான்."

உள்ளே இராசமலரின் குரல் கேட்டது. "பட்டெல்லா?"

"தோள் எலும்பு," என்றான் வைத்திலிங்கம், கொஞ்சமும் தயங்காமல்.