ஐஸ்கட்டி போன தூது

“காலையிலேர்ந்து யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசல. வெச்ச காபி அப்படியே ஆறிக் கெடக்கு. பாத்துப் பேசுங்க சார்” என்று எச்சரித்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனார் அமைச்சரின் உதவியாளர்.

“நம்ம மேலதான் கடுப்பு. இன்னிக்கும் பாச்சா பலிக்காது” என்று முணுமுணுத்தார் ஆம்புலன்ஸ் சேவையின் முன்னாள் தலைவி.

“பலிச்சாகணும்மா. எம் பொண்ணு இப்ப தீயணைப்பு வண்டியில போறா. வெயில் வருஷா வருஷம் இப்படியே ஏறினா, அவ ஒரு நாள் வீடு திரும்ப மாட்டா. எனக்குப் பயமா இருக்கு” என்றார் தீயணைப்புத் துறையின் முன்னாள் தலைவர்.

பயமாக இருக்கிறதாம்! குரலில் யாருக்குத் தெரிந்தது? துறையில் அவருக்கு ஐஸ்கட்டி என்றே பெயர். கட்டடம் பற்றி எரியும்போதும், மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் அவர் பேச்சைக் கேட்டுச் சமர்த்தாக வரிசையில் இறங்கி வருவார்கள்.

உள்ளே அமைச்சர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். மேசைமேல் நிலக்கரி மின் நிலையங்களை மூடும் உத்தரவு; பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் ஓய்வுபெற்ற அதிகாரிகளெல்லாம் சங்கம் கட்டி, மாதக்கணக்கில் செருப்புத் தேய அலைகிறார்கள்.

“உக்காருங்க சார். என்னதான் நடக்கப் போவுது? ஒளிக்காம சொல்லுங்க” என்றார் அமைச்சர்.

ஐஸ்கட்டி சொன்னார். காடு எரியும், தீ ஊருக்குள் வரும், தண்ணீர் வண்டிகள் போதாது, ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காது. சும்மா சொல்லக் கூடாது, மனிதர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. அவசர அழைப்பில் பேசுகிற அதே நிதானம், அதே கனிவு. கேட்கக் கேட்கத் தலைவிக்கே லேசாகக் கண்ணைச் சொக்கியது.

அமைச்சர் நடப்பதை நிறுத்தினார். உட்கார்ந்தார். ஆறிப்போன காபியை ரசித்துக் குடித்தார்.

பிறகு பேனாவைக் கையில் எடுத்தார். ஐஸ்கட்டி நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். மகளின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அமைச்சர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஐஸ்கட்டியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“ஒரு வாரமா பயத்துல பொட்டுத் தூக்கமில்ல சார். நல்ல வேளை நீங்க வந்து பேசினீங்க, இல்லேன்னா இன்னிக்குக் கையெழுத்தே போட்டிருப்பேன்!”