கழிமுகத்தில் ஒரு தும்மல்

"இன்னொரு தரம் தும்மினே, உன்னைத் தண்ணியில தள்ளிடுவேன் அங்கமுத்து!"

கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா ஸ்ரீரங்கன் பல்லைக் கடித்தார். படகோட்டி அங்கமுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"நான் இன்னா சாமி பண்ணட்டும்? அதுவா வருது."

அடையாற்றுக் கழிமுகத்தின் புறம்போக்குத் திட்டுகளைத் துரைமார்களின் வேட்டைச் சங்கம் குத்தகைக்குக் கேட்டிருந்தது. வேட்டைக்குத் தோதான இடமா என்று சுட்டுப் பார்த்துச் சொல்ல, சங்கத்துத் துரை ஒருவர் வந்திருந்தார். அவருக்கு வழிகாட்டத்தான் ஸ்ரீரங்கன்.

"அதோ பூநாரை, சார். இருநூறுக்குக் குறையாது," என்று இங்கிலீஷில் கிசுகிசுத்தார்.

துரை எழுந்து குறி பார்த்தார். படகு சத்தமில்லாமல் நெருங்கியது. விரல் விசையைத் தொட்டது.

"ஹா... ஹாச்ச்!"

திட்டே கிளம்பிப் பறந்தது போலிருந்தது. துப்பாக்கி வெறும் வானத்தைச் சுட்டது.

"மடையா! பெரிய மனுஷா முன்னாடி என் மானத்தை வாங்கறியே!" என்று கத்திவிட்டு, ஸ்ரீரங்கன் துரையிடம் கைகூப்பினார். "மன்னிக்கணும் சார். வேற ஆள் போடலாம்னா குப்பமே கடலுக்குப் போயிருக்கு."

காட்டு வாத்துக் கூட்டத்துக்கு இரண்டு தும்மல். உள்ளான் குருவிகளுக்கு அடுக்கடுக்காக நாலு. ஒவ்வொரு தும்மலுக்கும் ஸ்ரீரங்கனின் வசவு ஒரு படி ஏறியது. கடைசியில் துரையே இரக்கப்பட்டு, "போதும், பாவம்" என்றார்.

வெயில் ஏறியதும் துப்பாக்கி உறைக்குள் போனது.

"இங்கே பட்சி ரொம்ப பயம். சங்கத்துக்கு லாயக் இல்லே," என்றார் துரை, தமக்குத் தெரிந்த தமிழில். "அடுத்த சண்டே பள்ளிக்கரணை பார்க்கும்."

அவருடைய மோட்டார் எல்பின்ஸ்டன் பாலத்தைத் தாண்டும்வரை ஸ்ரீரங்கன் குனிந்து கும்பிட்டபடியே நின்றார். பிறகு படகுப் பக்கம் திரும்பினார்.

"இங்கே வா நீ!"

அங்கமுத்து தயங்கித் தயங்கி வந்தான். மூக்கு மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

ஸ்ரீரங்கன் திட்டுக்குத் திரும்பி இறங்கும் பூநாரைகளைக் கண்குளிரப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து புத்தம்புது மூக்குப்பொடி மட்டை ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்து அழுத்தினார்.

"பள்ளிக்கரணைல படகு தள்றவன் உன் மச்சான்தானே? துரை துப்பாக்கியைத் தூக்கினதும் ஒரு சிட்டிகை இழுத்தாப் போதும்னு சொல்லு. உனக்குக் குடுத்ததைவிட இது காரம் ஜாஸ்தி!"