அகஸ்டினின் காபி

சாந்தோம் வீட்டில் இறந்துபோன அகஸ்டினுக்கு முப்பதாம் நாள் நினைவு. கணவரின் படத்துக்கு முன்னால் வைக்கும் காபியில் ஆலிஸ் சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள்.

"இன்னா அண்ணி இது? அண்ணன் சுகர்னு இனிப்பையே தொடாதவரு!" என்று நாத்தனார் ஜொவிட்டா பதறினாள்.

"அவருக்கு சுகரே கெடையாது ஜொவி. இந்த வீட்டைக் கட்டின உங்க முப்பாட்டன், ஜனங்களைப் புடிச்சு மொரீஷியஸ் கரும்புத் தோட்டத்துக்கு அடிமையா கப்பலேத்தினவரு. அது தெரிஞ்சதுலேர்ந்து அந்தப் பாவத்துக்காக சர்க்கரையை விட்டுட்டாரு; உங்க அண்ணனுக்கு ஆயுசுக்கும் தவக்காலம்."

ஜொவிட்டா கைநீட்டிக் காபியைத் தடுத்தாள். "அத முடிச்சு வெக்க நீங்க யாரு அண்ணி?"

"அந்தக் கப்பல்ல அடிமையா போன ஒருத்தரு இங்க விட்டுட்டுப் போன புள்ளையோட வம்சம் நான்."

ஆலிஸ் காபியை ஆற்றிப் படத்தருகே வைத்தாள்.

"கட்டிக்கிட்ட அன்னிக்கே மன்னிச்சிட்டேன்னு சொன்னேன், கேக்கல. இப்பவாவது குடிங்க."