எமெட்டுக்கு விழுந்த பூஜ்யம்

"எம் பையன் முட்டாளா? முதல்ல அதைச் சொல்லுங்க."

லோர்னா ஹாஃபின் குரல் சுவரைத் தாண்டி ஜெராக்ஸ் அறைக்குள் வந்து விழுந்தது. அங்கே பள்ளி அலுவலக கிளார்க் நோரீன் ஒரே தாளை மறுபடி மறுபடி நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லாத தாள்தான். ஆனால் நார்த் டகோட்டாவின் ஜனவரிப் பனியில் இப்படியொரு சண்டை லேசில் கிடைத்துவிடுமா?

"முட்டாள்னு சொல்லலைங்க. ஒண்ணும் எழுதித் தரலைன்னுதான் சொல்றேன்" என்றார் வாத்தியார் ரிக்டர்.

ரிக்டர் நடத்துவது கணக்குமில்லை, விஞ்ஞானமுமில்லை. பெரிய சிக்கல்களைத் தீர்ப்பது எப்படி என்று கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம். அவரவர் வாழ்க்கையிலிருந்து நிஜமான சிக்கல் ஒன்றை எடுத்து, அரையாண்டுக்குள் அவிழ்த்துக் காட்ட வேண்டும். முடிவில் என்ன வேண்டுமோ, அங்கிருந்து பின்னோக்கி நடந்து வா என்பார். அதை வகுப்பில் நடந்தே காட்டப்போய், குப்பைக்கூடை தடுக்கி அவர் விழுந்த கதை ஊருக்கே தெரியும்.

ஒருத்தி, வருஷக்கணக்காய்ப் பேசாமலிருந்த தன் சித்திகளை ஒரே மேஜையில் உட்காரவைத்து மதிப்பெண் வாங்கிவிட்டாள். கணக்கில் புலியான எமெட் ஹாஃப் ஒரு வரிகூடத் தரவில்லை. பூஜ்யம். இதில் தேறாவிட்டால் பள்ளிப் பட்டமளிப்பு கிடையாது. ஃபார்கோவில் கிடைத்திருந்த இன்ஜினியரிங் இடமும் போய்விடும். தேறாத பிள்ளையின் பெற்றோர் நேரில் வந்தாக வேண்டும் என்பது பள்ளியின் சட்டம். போனில் பேசினால் செல்லாது. இரண்டு தடவை தட்டிக்கழித்த லோர்னா இன்றைக்குத்தான் புயல் மாதிரி வந்திருந்தாள்.

"கடைக்கு, சர்ச்சுக்கு, பல் டாக்டருக்கு, எங்க போனாலும் என்னைக் கார்ல கூட்டிட்டுப் போற பிள்ளைங்க அது. அவனுக்கா பொறுப்பில்லைங்கிறீங்க?"

"பொறுப்பெல்லாம் இருக்கு. விடைதான் இல்லை."

"விடையே இல்லாத கேள்வியைக் கேட்டா எங்கேர்ந்து வரும்?"

நோரீன் கைதட்டாத குறை.

அதற்குள் எமெட் வந்து சேர்ந்தான். ஜெராக்ஸ் அறைக் கதவிடுக்கு வழியாக நோரீனுக்கு எல்லாம் தெரிந்தது. பையன் அம்மாவையும் பார்க்கவில்லை, வாத்தியாரையும் பார்க்கவில்லை. நேரே வராந்தா ஜன்னலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தான். பிறகு, "சார், ஒரு நிமிஷம் இப்படி வாங்களேன்" என்றான்.

இருவரும் ஜன்னலோரம் நின்று குசுகுசுத்தார்கள். நோரீன் மெஷினையே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினாள். பாழாய்ப்போன ஹீட்டர் அந்த நேரம் பார்த்துத்தானா இரைய வேண்டும்?

திரும்பி வந்த ரிக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸஸ் ஹாஃப், உங்க பையன் பாஸ். வகுப்பிலேயே அவனுக்குத்தான் முதல் மார்க்."

லோர்னா அப்படியே பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் சரிந்தாள். "அப்படி வாங்க வழிக்கு" என்றாள். குரலில் சண்டை தீர்ந்திருந்தது, கண்தான் கலங்கியிருந்தது.

ஒரு பொம்பளை போட்ட சத்தத்தில் வாத்தியார் பயந்து மார்க்கை அள்ளிக் கொட்டிவிட்டார் என்று ஊர் வெகுநாள் சிரித்தது. எமெட் பட்டமளிப்பு முடிந்து ஆகஸ்டில் ஃபார்கோவுக்குக் குடிபோனான். அடுத்த வசந்தத்தில் ரிக்டர் நோரீனையே கல்யாணம் செய்துகொண்டார். புருஷனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, அன்றைக்கு ஜன்னலோரம் பையன் என்ன சொன்னான் என்பதுதான்.

"அப்பா ரோட்டுல அடிபட்டுப் போனதிலேர்ந்து அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை சார். நான் போயிட்டா பண்ணை வீட்டுலயே முடங்கிடுவாங்க. கோபம் வந்தாத்தான் அவங்களுக்குப் பயம் மறக்கும். அதோ காரைப் பாருங்க, தனியா ஓட்டிட்டு வந்திருக்காங்க" என்றானாம்.

தான் பள்ளியில் இருக்கும் நேரத்தில் அம்மாவை ஏற்றிவர வேறு யாரும் இருக்கக் கூடாதென்று, பக்கத்துப் பண்ணை கிளாரன்ஸ் தம்பதி குளிருக்குத் தப்பி வெயிலடிக்கும் அரிசோனாவுக்குக் கிளம்பும்வரை பொறுத்திருந்து, அதற்கப்புறம்தான் பையன் ஃபெயிலாகவே ஆரம்பித்திருக்கிறான்.