இரண்டாவது கங்கம்மா

சேமி பட்டனை அழுத்தினால் வெள்ளைப் பக்கம் வந்தது. மூன்றாவது தடவையும் வெள்ளைதான்.

"நெட் போயிருக்கும்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணு," என்றார் வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸ் பாக்கியநாதன்.

இவருக்கு எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை. சர்வர் இதே அறையில், அவர் செருப்பு விடுகிற மேசைக்கு அடியில் இருக்கிறது. நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சொன்னால் கேட்கிற ஆளா? ஏற்கெனவே ரெண்டு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு.

ஜன்னலுக்கு வெளியே கங்கம்மா நின்றார். ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வந்தவர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இந்த இரும்பாலைக்குள் ஆறு வருஷமாக உடைசல் இரும்பைத் தரம் பிரிக்கிற காண்ட்ராக்ட் வேலை.

2006-ஆம் வருஷம், ஆலைக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் கார்டு வந்திருந்தது. அந்தக் கம்ப்யூட்டர் வேலைக்கு வெளிக் கம்பெனியிலிருந்து வந்தவள் நான். பழைய அட்டை அன்றிலிருந்து செல்லாது. ஒன்பது மணி ஷிப்டுக்குள் கார்டு வராவிட்டால் காண்ட்ராக்டர் கங்கம்மா இடத்தில் வேறு ஆளை ஏற்றிவிடுவான்.

மணி எட்டேகால்.

புரோகிராமைத் திறந்தேன். டேட்டாபேஸ் என்ன கத்தினாலும் வெளியே கேட்கக் கூடாது என்று அந்த வரிக்கு முன்னால் ஒரு @ போட்டு அதன் வாயை அடைத்து வைத்திருந்தது. அதை அழித்தேன். மறுபடி சேமி.

இப்போது வாயைத் திறந்தது. கங்கம்மா, பிறந்த தேதி 1-6-1974, இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார்.

"பாத்தியா! போலி!" பாக்கியநாதன் எழுந்தே விட்டார். "ஒருத்தியே ரெண்டு கார்டு வாங்கப் பாக்குறா."

அடக் கடவுளே. திரையில் பார்த்தால், ஒரு கங்கம்மா ஆறு மணி ஷிப்டுக்குக் கார்டைத் தேய்த்து உள்ளே போய்விட்டார். இன்னொரு கங்கம்மா என் கண்ணெதிரே நிற்கிறார். ஒரே ஆள் ரெண்டு இடத்தில் நிற்பாரா சார் என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

ஒரே பெயரும் ஒரே பிறந்த தேதியும் ரெண்டு பேருக்கு இருக்கவே முடியாது என்று அந்த டேபிளில் ஒரு பூட்டு. எந்த அறிவுகெட்ட ஜென்மம் போட்டதோ! உள்ளே இருக்கிற பிறந்த தேதிகளை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நூற்று அறுபத்தேழு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்.

"ஜூன் ரெண்டுன்னு போட்டு வுடும்மா. வேலை முடிஞ்சுது," என்றார் பாக்கியநாதன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் 2 என்று அடித்துவிட்டேன். சேமியை அழுத்துவதுதான் பாக்கி.

ஜன்னல் கம்பியைப் படபடவென்று தட்டினார் கங்கம்மா.

"இன்னா பாப்பா பண்ற? ஸ்கூல்ல சேக்கசொல்ல, கைய தலைக்கு மேல போட்டு அந்தாண்ட காத தொடச் சொன்னாரு வாத்தியாரு. தொட்டேன். அஞ்சு வயசுன்னு ஜூன் ஒண்ணு எழுதிக்கினாரு. எங்க தெருவுல பாதிப் பேருக்கு அதே தேதிதான். டீசில ஒண்ணு, கார்டுல ஒண்ணுன்னா நாளைக்கு நீங்களே என்னப் போலின்னு சொல்ல மாட்டீங்க? ரெண்டு கங்கம்மாவ உன் பொட்டிக்குத் தாங்கலன்னா பொட்டிய சரி பண்ணு. என்ன மாத்தாத!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அடித்த 2-ஐ அழித்தேன்.

"சார், பூட்டை எடுத்துடறேன். ஆளுக்கு ஒரு நம்பர் இருக்கு, அது போதும்."

அவர் குதித்தார். டேபிளில் கை வைக்க ஹெட் ஆபீஸ் லெட்டர் வேண்டுமாம். திங்கட்கிழமை பார்க்கலாமாம்.

திங்கட்கிழமை வரைக்கும் இந்த அம்மாவின் வேலை காத்துக்கொண்டிருக்குமா? இருக்கிற எல்லாவற்றையும் முதலில் ஒரு நகல் எடுத்தேன். அப்புறம் பூட்டை நீக்குகிற அந்த ஒரு வரியை அடித்தேன்.

"ஏய், ஏய், சொல்லிக்கினே இருக்கேன்..."

என்டரைத் தட்டினேன்.

ஜூன் ஒன்றையே போட்டு சேமி. இந்தத் தடவை வெள்ளை வரவில்லை, கார்டு வந்தது. எட்டு ஐம்பதுக்குக் கங்கம்மா கேட்டுக்குள் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்கணும்? நான் என்ன தர்மமா பண்ணினேன்?

பாக்கியநாதன் ஆலைக்குள் வர எனக்குக் கொடுத்த பாஸை ரத்து செய்கிற ஃபாரத்தை எடுத்து மேசையில் அறைந்தார்.

"அந்தப் பூட்டப் போட்டது யாரு, கேக்காம எடுத்தது யாரு? ரெண்டு பேரையும் உன் கம்பெனில சொல்லித் தூக்க வெக்கிறேன். பேரு சொல்லு."

"ஒரே பேருதான் சார். ஷைனி. ரெண்டும் நான்தான். எழுதிக்கோங்க."

அவர் நிமிர்ந்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"அப்பா பேரு?"

"அந்தோணி."

"பிறந்த தேதி?"

"ஜூன் ஒண்ணு."

நான் பிறந்த அன்றைக்கு ஏரி உடைந்து தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் என்று அம்மா சொல்வாள். ஜூனில் எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் இருக்காது.