குண்டு மிளகாயின் ஈரம்

மொட்டைமாடியில் காய்ந்த மிளகாய்கள் ஜாடிக்குள் போகும் நாள் அது. நன்றாகக் காய்ந்த மிளகாய் குலுங்கினால் உள்ளே விதைகள் கலகலக்கும். கலகலக்காதது இன்னொரு நாள் வெயிலுக்குத் திரும்ப வேண்டும். மிளகாய்ச் சட்டத்தில் இதற்கு மேல் விசாரணை கிடையாது.

"ஒவ்வொருத்தரா குலுங்குங்க," என்றது ஜாடி.

குண்டு மிளகாயின் வயிற்றில் ஈரம் மிச்சமிருந்தது. பக்கத்திலிருந்த நீட்டு மிளகாயிடம் அது கெஞ்சியது: "அண்ணே, ஏழு நாள் வெந்துட்டேன். என் முறை வரும்போது நீங்க குலுங்கிடுங்க."

"இவ்வளவுதானா? ஒட்டி உட்காருடா," என்ற நீட்டு மிளகாய் தன் முறைக்கு ஒன்று, குண்டு மிளகாயின் முறைக்கு ஒன்று என இரண்டு முறை கலகலத்தது. மூடி இறுகியது.

பத்தாம் நாள் குண்டு மிளகாயின் காம்படியில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்தது. முதலில் பார்த்தது நீட்டு மிளகாய்தான்.

"என்ன வாடை அது?" என்றது ஜாடி. "ஈரமானவர் யாருன்னு சொல்லுங்க. அந்த ஒருத்தரை மட்டும் மேலே தள்ளினா, வீட்டுக்காரம்மா எடுத்துப் போட்டுடுவாங்க. மத்தவங்க பிழைக்கலாம்."

சொன்னால், அன்று குலுங்கியது யார் என்ற கேள்வியும் வரும்.

"மூடியோட பழைய ஊறுகாய் வாடை," என்றது நீட்டு மிளகாய்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்காரி மூடியைத் திறந்தாள். உள்ளே எல்லா மிளகாயிலும் பூஞ்சை. முகத்தைச் சுளித்தபடி ஜாடியைக் குப்பைமேட்டில் கவிழ்த்தாள்.

அங்கே நல்ல வெயில். மூன்றாம் நாள் குண்டு மிளகாய் உற்சாகமாகப் புரண்டது. "அண்ணே, கேட்டீங்களா? எனக்கும் கலகலக்குது!"

நீட்டு மிளகாய் பதிலுக்குக் குலுங்கிப் பார்த்தது. பூஞ்சை அடைத்த வயிற்றிலிருந்து சத்தமே வரவில்லை.